எழுத்தின் நிறம் சொல்வழி கேட்காதபோது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கோயில் கும்பாபிஷேக மலரோ, பாடசாலைச் சஞ்சிகையோ, கம்பஸ் ஆய்வறிக்கையோ, எதுவானாலும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரு கோப்பு அச்சுக்குப் போகுமுன் நாலைந்து கணினிகளில் படுத்தெழும்பிவிடும். ஒருவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருப்பார். இன்னொருவர் போனில் யூனிகோடில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டியிருப்பார். மூன்றாமவர் வேர்டில் தலைப்புகளுக்கு நீலம் பூசியிருப்பார். கடைசியில் அது, வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருள் உள்ள ஒரு கடைக்கு வரும்போது, எந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கோப்பைக் கொண்டு வந்தவருக்கே தெரியாது. நிறத்தை மாற்றினால் மாறாது, மாறினால் வேறெங்கோ சேர்ந்து மாறும்.

இதற்கெல்லாம் கோப்பைத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. நிறம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அடுக்குகள் மூன்றுதான். (ஸ்டைல் என்பது எழுத்துரு, அளவு, நிறம் போன்றவற்றைச் சேர்த்துப் பெயர் சூட்டி வைத்த தொகுப்பு.) கீழே பத்தி ஸ்டைல், அதாவது தலைப்பு, உடல் போன்று முழுப் பத்திக்கும் பொருந்துவது. அதற்கு மேல் எழுத்து ஸ்டைல். இது பத்திக்குள் ஒரு சொல்லுக்கோ வசனத்துக்கோ போடுவது. எல்லாவற்றுக்கும் மேல் கையால் போட்ட நிறம், அதாவது கருவிப்பட்டையில் உள்ள நிறப் பொத்தானை அழுத்திப் பூசியது. மேலே உள்ளது கீழே உள்ளதை மறைக்கும். மேலடுக்கில் ஒன்றும் சொல்லப்படாவிட்டால்தான் கீழடுக்கின் நிறம் தெரியும்.

எந்த அடுக்கு என்று பார்க்க லிப்ரே ஒபிஸ் 7.1 முதல் பக்கப்பட்டையில் ஸ்டைல் இன்ஸ்பெக்டர் என்று ஒன்று இருக்கிறது. சிக்கலான சொல்லில் கர்சரை வைத்து அதைத் திறந்தால் பத்தி ஸ்டைல், எழுத்து ஸ்டைல், கையால் போட்டது எல்லாம் தனித்தனியாக விரியும். அதைவிடப் பழைய பதிப்பென்றால் எஃப் 11 அழுத்தி ஸ்டைல் பட்டியலைத் திறந்து, எழுத்து ஸ்டைல்களின் பக்கம் போய், எந்தப் பெயர் தெரிவாகி நிற்கிறது என்று பாருங்கள். வேர்டிலும் இதே பெயரில் ஒரு கருவி உண்டு: ஸ்டைல்ஸ் பலகத்தின் அடியில் உள்ள பொத்தான்களில் ஒன்று. அதில் பத்திக்கும் எழுத்துக்கும் தனித்தனியாக அழிக்கும் பொத்தான்கள் இருப்பதால், எதை அழித்தால் நிறம் போகிறது என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாம். பிழைத்தால் கொன்ட்ரோல் இசட் இருக்கிறது.

அறிகுறி: ஸ்டைலின் நிறத்தை ஓட்டோமெட்டிக் ஆக்கியும் நீலத் தலைப்புக்குள் அந்தச் சொல் மட்டும் கறுப்பு

அதிகம் பேரைச் சுற்றலில் விடுவது இதுதான். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழி பீட மாணவர் ஒருவரின் ஆய்வறிக்கை என்று வைத்துக்கொள்வோம். அரபு வசனங்களுக்கென்று தனியாக ஓர் எழுத்து ஸ்டைல் செய்திருக்கிறார். நல்ல பழக்கம். முதலில் அதற்குப் பச்சை நிறம் கொடுத்தார். பிறகு மேற்பார்வையாளர், நிறம் வேண்டாம் என்கிறார். ஸ்டைலைத் திறந்து, பச்சையை எடுத்து ஓட்டோமெட்டிக் கொடுக்கிறார். உடல் பத்திகளில் எல்லாம் சரி. ஆனால் அத்தியாயத் தலைப்புகள் கடும் நீலம். அவற்றுக்குள் வரும் அரபுச் சொல் மட்டும் கறுப்பாக நிற்கிறது.

காரணம் எளியது. ஓட்டோமெட்டிக் என்பதும் ஒரு நிறத்தேர்வுதான். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு, கடும் பின்னணியில் வெள்ளை என்று எழுத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் தேர்வு அது. நீங்கள் ஸ்டைலிலிருந்து நிறத்தை எடுக்கவில்லை. பச்சைக்குப் பதிலாக ஓட்டோமெட்டிக்கை வைத்திருக்கிறீர்கள். ஆகவே எழுத்து ஸ்டைல் அடுக்கில் நிறத்தைப் பற்றிய ஒரு கட்டளை இன்னும் இருக்கிறது, அது கீழே உள்ள தலைப்பின் நீலத்தை மறைக்கிறது. நமக்கு வேண்டியது, அந்த ஸ்டைல் நிறத்தைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது.

லிப்ரே ஒபிஸில் செய்வது இப்படி. எஃப் 11, எழுத்து ஸ்டைல்கள், சம்பந்தப்பட்ட பெயரில் வலது கிளிக், திருத்து. வரும் பெட்டியில் ஃபொன்ட் இஃபெக்ட்ஸ் தாவலுக்குப் போங்கள். நிறப் பெட்டியைத் தொட வேண்டாம். அடியில் ரீசெட் டு பேரன்ட் என்றொரு பொத்தான் இருக்கும். பழைய பதிப்புகளில் அதன் பெயர் ஸ்டாண்டர்ட். அதை அழுத்தி ஓகே கொடுங்கள். அந்த நேரமே தலைப்பில் உள்ள அரபுச் சொல் நீலமாகிவிடும், உடலில் உள்ளது கறுப்பாகவே இருக்கும்.

இங்கே மூன்று கவனம். முதலாவது, பக்கத்திலேயே வெறும் ரீசெட் என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அது பெட்டியைத் திறந்த பிறகு நீங்கள் செய்த மாற்றங்களை மட்டும் திருப்பும். பலர் அதை அழுத்திவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்கிறார்கள். இரண்டாவது, ரீசெட் டு பேரன்ட் நிறத்தை மட்டும் அல்ல, அந்தத் தாவலில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடும். அடிக்கோடு, நிழல் ஏதாவது அந்த ஸ்டைலில் இருந்தால் முதலில் குறித்து வைத்து, பிறகு திரும்பக் கொடுங்கள். மற்றத் தாவல்களில் உள்ள எழுத்துரு, அளவு எதுவும் போகாது. மூன்றாவது, ஸ்டைலுக்கு ஒரு தாய் ஸ்டைல், அதாவது அது அடிப்படையாகக் கொள்ளும் இன்னொரு ஸ்டைல் இருந்து, அதற்கு ஒரு நிறம் இருந்தால், இந்தப் பொத்தான் அந்த நிறத்தைத்தான் கொண்டுவரும். அப்படி வந்தால் தாய் ஸ்டைலைத் திறந்து அதே வேலையை அங்கே செய்யுங்கள். யார் தாய் என்பது ஓர்கனைசர் தாவலில் இருக்கிறது. புதிய பதிப்புகளில் அதன் பெயர் ஜெனரல்.

அதே தாவலின் அடியில் அந்த ஸ்டைல் என்னென்னவற்றைக் கட்டுப்படுத்துகிறது என்று ஒரு பட்டியலும் தெரியும். வேலை முடிந்ததும் அங்கே ஒரு கண் போடுங்கள். நிறத்தைப் பற்றி ஒன்றும் இல்லாவிட்டால் சரி. ஓட்டோமெட்டிக் என்று ஏதாவது இருந்தால் இன்னும் போகவில்லை.

வேர்டில் இந்த மாதிரி ஒரு தனிப் பொத்தான் இல்லை. திருத்திக்கொண்டு மாரடிப்பதைவிடப் புதிய எழுத்து ஸ்டைல் ஒன்று செய்வது சுத்தம் என்பது என் அபிப்பிராயம். புதிய ஸ்டைல் பெட்டியில் வகை எழுத்து, அடிப்படை டிஃபோல்ட் பாராகிராஃப் ஃபொன்ட். எழுத்துருவையோ சாய்வையோ வேண்டியபடி கொடுங்கள், நிறப் பெட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். பிறகு ஸ்டைல்ஸ் பலகத்தில் பழைய ஸ்டைலின் பெயரில் வலது கிளிக் செய்து, அது போட்ட இடங்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் தெரிவு செய்து, புதியதை அழுத்துங்கள். பழையதை அப்புறம் அழித்துவிடலாம்.

அறிகுறி: ஸ்டைலின் நிறத்தை மாற்றினால் சில இடங்கள் மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கின்றன

அந்த இடங்களில் யாரோ கையால் நிறம் போட்டிருக்கிறார்கள். மேலடுக்கு அது, ஸ்டைல் என்ன சொன்னாலும் கேட்காது. அந்த இடத்தைத் தெரிவு செய்து, லிப்ரே ஒபிஸில் கொன்ட்ரோல் எம், வேர்டில் கொன்ட்ரோல் ஸ்பேஸ். கையால் போட்டதைத் துடைக்கும்போது எழுத்து ஸ்டைலும் சேர்ந்து போய்விடக்கூடும். போனால் ஸ்டைலின் பெயரில் இரட்டைக் கிளிக் செய்து திரும்பப் போடுங்கள். வேர்டில் ஸ்டைலைக் காப்பாற்றிக்கொண்டு கைநிறத்தை மட்டும் எடுக்க வேண்டுமென்றால், மேலே சொன்ன ஸ்டைல் இன்ஸ்பெக்டரின் கடைசி அழிப்பான் பொருத்தம்.

முழுக் கோப்பையும் தெரிவு செய்து ஒரே அடியில் துடைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். நூற்பெயர்களுக்குப் போட்ட சாய்வு, மேற்கோள்களுக்குப் போட்ட தடிப்பு எல்லாம் கையால் போட்டவையாக இருந்தால் அவையும் போய்விடும். பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் போட வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து அடுத்தது.

அறிகுறி: நிறத்தைத் துடைத்தேன், தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிட்டது

பாமினி. வேறொன்றும் இல்லை. பாமினியில் அடித்த தமிழ் உண்மையில் கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் இருக்கிறது. எழுத்துரு மாத்திரம் அதைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துருவைக் கையால் போட்டிருந்தால், நிறத்தைத் துடைக்கும்போது அதுவும் சேர்ந்து துடைபட்டுவிடும். பதற வேண்டாம், ஒன்றும் அழியவில்லை. கொன்ட்ரோல் இசட் அடியுங்கள், அல்லது குப்பையாகத் தெரிவதைத் தெரிவு செய்து பாமினியைத் திரும்பக் கொடுங்கள்.

திரும்பத் திரும்ப இது நடக்காமல் இருக்க, பாமினியைப் பத்தி ஸ்டைலுக்குள் வையுங்கள். லிப்ரே ஒபிஸின் பத்தி ஸ்டைலில் ஃபொன்ட் தாவலைத் திறந்தால் மேலைத்தேய எழுத்துகளுக்கு ஓர் இடமும், சி.டி.எல். எனப்படும் சிக்கல் எழுத்து முறைகளுக்கு இன்னோர் இடமும் இருக்கும். பாமினி ஆங்கில எழுத்துகளாக இருப்பதால் அது முதல் இடத்தில் போக வேண்டும். யூனிகோடு தமிழ் இரண்டாவது இடத்தில். அங்கே லதாவோ நிர்மலாவோ கொடுங்கள். இப்போது ஒரே பத்தியில் பாமினியும் யூனிகோடும் கலந்து கிடந்தாலும் இரண்டும் ஒழுங்காகத் தெரியும். கைநிறத்தை எத்தனை தடவை துடைத்தாலும் எழுத்துரு அசையாது.

ஆனால் அந்தப் பத்தியில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்கள் பாமினியில் விழுந்து தமிழ்க் குழப்பமாகத் தெரியும். அவற்றுக்கு டைம்ஸ் நியூ ரோமன் உள்ள ஓர் எழுத்து ஸ்டைல் செய்து போடுங்கள். முதல் அறிகுறியில் சொன்னது இங்கேயும்தான்: அந்த ஸ்டைலில் நிறத்தைத் தொடவே கூடாது. தொட்டால் வண்ணத் தலைப்பில் ஆங்கிலச் சொல் தனித்து நிற்கும்.

அறிகுறி: நிறம் தமிழிலும் வருகிறது, தடிப்பும் சாய்வும் மட்டும் வரவில்லை

நிறத்துக்கு ஒரே ஓர் இடம்தான். ஆங்கிலம், தமிழ், அரபு எல்லாவற்றுக்கும் பொது. எழுத்துரு, அளவு, தடிப்பு, சாய்வு ஆகியவை அப்படி இல்லை, மேலே சொன்ன இரண்டு இடங்களிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஸ்டைலில் முதல் இடத்தில் மட்டும் தடிப்புக் கொடுத்திருந்தால் யூனிகோடுத் தமிழுக்கு அது போகாது. சி.டி.எல். பகுதியே தெரியவில்லை என்றால் டூல்ஸ், ஒப்ஷன்ஸ் வழியாக மொழி அமைப்புகளுக்குப் போய் அதை இயக்குங்கள். தமிழும் அரபும் ஒரே சி.டி.எல். இடத்தைப் பகிர்ந்துகொள்வதால் காத்தான்குடி, ஒலுவில் பக்கத்து வேலைகளில் அரபுக்குத் தனி எழுத்து ஸ்டைல் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

அறிகுறி: ஒரு தலைப்பில் நிறம் போட்டேன், எல்லாத் தலைப்பும் மாறிவிட்டது

பத்தி ஸ்டைலில் தானாகப் புதுப்பித்தல் இயக்கப்பட்டிருக்கிறது. லிப்ரே ஒபிஸில் ஓர்கனைசர் தாவலில் ஓட்டோஅப்டேட், வேர்டில் ஸ்டைலைத் திருத்தும் பெட்டியின் அடியில் ஓட்டோமெட்டிக்கலி அப்டேட். குறியை எடுத்துவிடுங்கள். எழுத்து ஸ்டைல்களில் இந்த வசதி இல்லை என்பதால் அங்கே தேட வேண்டியதில்லை.

அறிகுறி: நிறத்தோடு அடிக்கோடும் வெட்டுக்கோடும் இருக்கிறது, என்ன செய்தாலும் போகவில்லை

வந்தாறுமூலைக் கம்பஸிலோ ஒலுவில் கம்பஸிலோ மேற்பார்வையாளர் திருத்திக் கொடுத்த கோப்பா? அப்படியென்றால் அது எழுத்தின் நிறமே அல்ல. மாற்றங்களைப் பதிவு செய்யும் டிராக் சேஞ்சஸ் இயங்கியிருக்கிறது. திருத்தியவர் சேர்த்தது ஒரு நிறத்தில் அடிக்கோட்டோடும், நீக்கியது வெட்டுக்கோட்டோடும் தெரியும். ஸ்டைலையும் நிறப் பொத்தானையும் இங்கே எத்தனை தரம் அழுத்தினாலும் பயனில்லை. வேர்டில் ரிவியூ தாவலிலும், லிப்ரே ஒபிஸில் எடிட் மெனுவின் டிராக் சேஞ்சஸ் பகுதியிலும் மாற்றங்களை ஏற்கவோ நிராகரிக்கவோ வழி இருக்கிறது. கோப்புக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் எல்லாவற்றையும் ஏற்றுவிடாதீர்கள். கடைக்காரர் ஏற்க வேண்டிய பொறுப்பு அல்ல அது. சில திருத்தங்களை மாணவர் மறுக்கவும் கூடும்.

அறிகுறி: பொருளடக்கத்தைக் கறுப்பாக்கினாலும் புதுப்பித்ததும் நிறம் திரும்பி வருகிறது

பொருளடக்கம் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டப்படுவது. அதன்மேல் கையால் பூசியது எதுவும் நிலைக்காது. வேர்டில் டி.ஓ.சி. 1, டி.ஓ.சி. 2 என்று மட்டத்துக்கு ஒரு பத்தி ஸ்டைல் இருக்கிறது, நிறத்தை அங்கே மாற்றுங்கள். அப்படியும் ஒரே ஒரு வரி மட்டும் நிறமாக வந்தால், அந்த வரிக்குரிய தலைப்பிலேயே யாரோ ஒரு சொல்லைக் கையால் பூசியிருப்பார்கள். அது பொருளடக்கத்துக்கும் ஏறிவரும். தலைப்பில் துடைத்துவிட்டுப் புதுப்பியுங்கள். லிப்ரே ஒபிஸில் பொருளடக்கத்தைத் திருத்தும் பெட்டியில் என்ட்ரீஸ் தாவலுக்குப் போனால் ஒவ்வொரு பகுதிக்கும் எந்த எழுத்து ஸ்டைல் என்று இருக்கும். நிறத்தை அந்த ஸ்டைலில் சரிசெய்ய வேண்டும்.

இணைய முகவரிகள் நீலமாக நிற்பதும் இதே குடும்பம். லிப்ரே ஒபிஸில் இன்டர்நெட் லிங்க், வேர்டில் ஹைப்பர்லிங்க் என்ற எழுத்து ஸ்டைல்கள்தான் அவற்றை நடத்துகின்றன. ஒருமுறை சொடுக்கிய இணைப்புக்கு இன்னொரு ஸ்டைல் உண்டு, இரண்டையும் பாருங்கள். அச்சுக்கு மட்டும் போகும் மலர் என்றால் இணைப்பையே நீக்கிவிடுவது சுகம்.

அறிகுறி: பத்தி கறுப்பு, அதன் இலக்கம் மட்டும் சிவப்பு

வேர்டில் இலக்கம், பத்தியின் முடிவுக்குறியின் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். கொன்ட்ரோல் ஷிஃப்ட் 8 அழுத்தினால் அந்தக் குறி தெரியும். அதை மட்டும் தெரிவு செய்து கொன்ட்ரோல் ஸ்பேஸ் கொடுங்கள். லிப்ரே ஒபிஸில் இலக்கப் பட்டியலின் அமைப்புக்குள் கஸ்டமைஸ் தாவலில் எழுத்து ஸ்டைல் ஒன்று போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: திரையில் மட்டும் கோளாறு, அச்சில் சரி

எழுத்தோரத்தில் நிறக் கட்டங்களும் இலக்கங்களும் தெரிந்தால், லிப்ரே ஒபிஸ் 7.6இல் வந்த ஸ்பொட்லைட் இயங்குகிறது. ஸ்டைல் பட்டியலின் அடியில் அதன் குறியை எடுங்கள். சொல்லப்போனால் எந்த ஸ்டைல் எங்கே கிடக்கிறது என்று ஒரே பார்வையில் பார்க்க அது அருமையான வசதி. தெரியாமல் இயக்கிவிட்டால்தான் பயமுறுத்தும். தேதி, பக்க இலக்கம் போன்றவற்றின் பின்னால் வரும் சாம்பல் நிறம் கொன்ட்ரோல் எஃப் 8இல் போய்விடும், அது அச்சில் வருவதும் இல்லை. எந்த நிறம் கொடுத்தாலும் திரையில் கறுப்பாகவே தெரிகிறதா? ஒப்ஷன்ஸில் அக்செசிபிலிட்டி பக்கத்தில், திரையில் எழுத்துக்கு ஓட்டோமெட்டிக் நிறத்தைப் பயன்படுத்தும் தேர்வு இயங்கக்கூடும். பக்கமே கறுத்து எழுத்து வெள்ளையானால் இருள் தோற்றம் இயங்குகிறது, கோப்பில் பிழை இல்லை.

இதற்கு மாறாக, எழுத்துக்குப் பின்னால் மஞ்சள் நின்று அச்சிலும் வந்தால் அது ஹைலைட். எழுத்து நிறத்தோடு சம்பந்தமில்லை, வேர்டில் கொன்ட்ரோல் ஸ்பேஸுக்கும் போகாது. ஹைலைட் பொத்தானிலேயே நிறமில்லை என்பதைத் தெரிவு செய்ய வேண்டும்.

அறிகுறி: எல்லாம் புரிகிறது, ஆனால் நேரமில்லை

நாளை காலை ஒருவரின் அந்தியேட்டிக் கிரியை, கல்வெட்டு எனப்படும் நினைவு மலர் இன்றிரவே அச்சாக வேண்டும், உள்ளே தேவாரம் ஒரு நிறம், உறவினர் பட்டியல் இன்னொரு நிறம். இந்த நேரத்தில் ஸ்டைல் பார்க்க யாரும் சொல்ல மாட்டார்கள். லிப்ரே ஒபிஸின் அச்சுப் பெட்டியில் ரைட்டர் தாவலில், எழுத்தைக் கறுப்பில் அச்சிடும் தேர்வு ஒன்று இருக்கிறது. ஒப்ஷன்ஸில் ரைட்டரின் அச்சுப் பக்கத்திலும் அது உண்டு. அதைக் குறித்தால் கோப்பில் என்ன நிறம் இருந்தாலும் எழுத்து கறுப்பாகவே வரும். படங்கள் தங்கள் நிறத்தில் இருக்கும். இறந்தவரின் படம் வண்ணத்தில், எழுத்து முழுக்கக் கறுப்பில் என்பதுதான் கல்வெட்டுக்கு வேண்டியதும். கறுப்பு வெள்ளை லேசரில் மங்கல் சாம்பலாக விழும் எழுத்துக்கும் இதே மருந்து.

ஒப்ஷன்ஸில் குறித்திருந்தால் வேலை முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவரின் கல்யாணக் கார்டில் சிவப்பு எழுத்தெல்லாம் கறுப்பாக வந்து நிற்கும், அதற்கு எந்த ஸ்டைலிலும் காரணம் கிடைக்காது.